இரைச்சல் யாருடையது

இரைச்சல் என்ற சொல்லை நாம் வெகு சுலபமாக உபயோகிக்கிறோம். பிடிக்காத கவிதை இரைச்சல். எதிர்க் குழுவின் பத்திரிகை இரைச்சல். சொல்லி முடித்தவுடன் காதைத் திருப்பிக்கொண்டு விடலாம் என்பது இதில் உள்ள சௌகரியம். ஆனால் ஒரு ஸ்பீக்கரிலிருந்து வரும் இரைச்சலை அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. எங்கிருந்து வருகிறது, எதனால் வருகிறது, யாருடையது என்று கேட்டாக வேண்டியிருக்கிறது. கொடைக்கானலில் நான்கு மழைக்காலங்களாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. விடை கிடைத்த பிறகுதான் இன்னொரு பெரிய விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் சொல்லும் யோக்கியதை வந்தது என்பதால் இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

என் வீட்டில் இருப்பவை எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர்கள். வழக்கமான ஸ்பீக்கரில் ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், ஒரு காகிதக் கூம்பு இருக்கும். இதில் இவை எதுவும் கிடையாது. துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகள், நடுவே தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய பாலியெஸ்டர் சவ்வு, அவ்வளவுதான். சவ்வின்மீது சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தை ஏற்றி அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும். இசையின் மின்னழுத்தம் தகடுகளுக்குப் போகிறது. ஒன்று இழுக்க மற்றது தள்ள, சவ்வு முழுவதும் ஒரே சமயத்தில் அசைகிறது. கூம்பின் கனம் இதற்கு இல்லை. எனவே ஓசை பிறக்க வேண்டிய கணத்தில் பிறந்து, முடிய வேண்டிய கணத்தில் முடிகிறது. 1957ல் இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் பீட்டர் வாக்கர் இந்த முறையில் செய்த க்வாட் ஸ்பீக்கர் விற்பனைக்கு வந்தது. 1985 வரை அதைச் செய்துகொண்டிருந்தார்கள். மனிதக் குரலை அதைப் போல் வேறு எதுவும் தந்ததில்லை என்று சாதிக்கிறவர்கள் இன்றும் உண்டு.

என்னுடையவை க்வாட் அல்ல. மதுரையில் என் அண்ணன் கையாலேயே செய்தவை. மொட்டை மாடியில் சட்டம் அறுத்து, சவ்வை இழுத்துக் கட்டி, அதன்மேல் கிராஃபைட் பொடியை மணிக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்து எடுத்தவர். பதினோரு வருஷம் மதுரையில் அவை ஒரு முனகலும் இல்லாமல் பாடின. அவர் காலமான பிறகு நான் மலைக்குக் கொண்டுவந்தேன். வந்த வாரமே சீற ஆரம்பித்தன.

பார்த்தவர்கள் எல்லோரும் மூடுபனி என்றார்கள். கொடைக்கானலில் எது கெட்டாலும் மூடுபனிதான் காரணம், கதவு இறுகுவது முதல் கல்யாணம் தட்டிப்போவது வரை. ஆனால் பிப்ரவரியில், தோல் வெடிக்கிற வறட்சியில்கூடச் சீற்றம் இருந்தது. இசை ஓடாதபோதும் இருந்தது. ஒரு ராத்திரி விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, கண் பழகக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இடது ஸ்பீக்கரின் கீழ் ஓரத்தில், ஒரு துளையின் விளிம்பில், ஊசிமுனை அளவுக்கு ஊதா ஒளி தெரிந்தது. பக்கத்தில் மூக்கை வைத்தால் ஓஸோன் வாடை. பௌதிகத்தில் இதற்குக் கரோனா என்று பெயர். வியாதிக்கு வெகு காலம் முன்பிருந்தே உள்ள பெயர்.

காரணம் ஈரமல்ல, உயரம். காற்று ஒரு மின்காப்பு. கடல் மட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். 2100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் நான்கு பங்குதான். அணுக்கள் விலகி நிற்கின்றன. ஓர் எலக்ட்ரான் எதன்மேலாவது மோதுவதற்கு முன் அதிக தூரம் ஓடுகிறது, அதிக வேகம் சேர்க்கிறது, மோதும்போது இன்னொரு எலக்ட்ரானை உதிர்க்கிறது. மதுரைக் காற்று தாங்கிய மின்னழுத்தத்தை மலைக்காற்று தாங்கவில்லை. தகட்டில் எங்கே ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்ததோ அங்கே கசிந்தது. அண்ணன் செய்ததில் கோளாறு எதுவும் கிடையாது. அவர் மதுரைக்குச் செய்தார். நான் துளையின் விளிம்பை அரத்தால் ராவி வழவழப்பாக்கினேன். சவ்வின் மின்னழுத்தத்தை 3000லிருந்து 2400க்கு இறக்கினேன். சீற்றம் நின்றது. ஓசை ஏறக்குறைய 2 டெஸிபல் குறைந்தது. அந்த நஷ்டத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

மூடுபனிக்கும் பங்கில்லாமல் இல்லை. ஐப்பசி வந்ததும் வேறொரு சத்தம் கிளம்பிற்று. இது சீற்றமல்ல, டக், டக் என்று ஒழுங்கில்லாத சொடுக்கு. மரச்சட்டம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, அதன் மேற்பரப்பு வழியாக மின்சாரம் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்கிற சத்தம். அறையைக் காயவைக்கக் கணப்பில் யூகலிப்டஸ் கட்டை போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். மின்னேற்றிய சவ்வு புகைக்கரியை வா என்று இழுத்துக்கொள்கிறது. ஊதுபத்திக்கும் இதே கதிதான். கரித்துகள் படிந்த இடமெல்லாம் கசிவுக்குப் பாதை. கடைசியில் பலன் தந்தது இங்கே பழைய வீடுகளில் துணி அலமாரிக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் செய்கிற உபாயம்தான். ஸ்பீக்கருக்குப் பின்னால், கீழே, ஒரு 15 வாட் குண்டு பல்பை இரவு பகல் எரியவிடுவது. மரச்சட்டத்தையும் தகட்டையும் பிரிக்கப் பெர்ஸ்பெக்ஸ் பட்டைகள் வைத்தேன். உறுமல் என்று ஒன்று இருந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ஒரு கண்டென்ஸரை மாற்றினேன், போயிற்று.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இவ்வளவும் போன பின் ஒரு படபடப்பு மட்டும் பாக்கி இருந்தது. அது ஸ்பீக்கரினுடையதா, வேறு எதனுடையதா என்று கண்டுபிடிக்க உள்ள வழி மிகப் பழையது. இடது வலது கம்பிகளை மாற்றிப் போடுவது. சத்தம் இடம் மாறினால் அது ஸ்பீக்கருக்கு முன்னாலிருந்து வருகிறது. மாறாமல் அங்கேயே இருந்தால் ஸ்பீக்கரினுடையது. நான் இருக்கும் இடத்துக்கு மேலே, 2343 மீட்டர் உயரத்தில், 1899ல் வேலை தொடங்கிய சூரிய ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு கிடைமட்டமாகப் பாய்கிறது என்பதை ஜான் எவர்ஷெட் 1909ல் அங்கேதான் கண்டார். சூரிய ஒளியைப் பிரித்தால் தெரிகிற கறுப்புக் கோடுகளில் சில சூரியனுடையவை அல்ல. நம் காற்றுமண்டலத்தின் பிராணவாயுவும் நீராவியும் நடுவழியில் போட்டவை. பிரித்தறிய நிறமாலைக்காரர்கள் சூரியனின் ஒரு விளிம்பையும் எதிர் விளிம்பையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். சூரியன் சுழல்வதால் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, மற்றது விலகிப் போகிறது. சூரியனுடைய கோடுகள் அதற்கேற்பச் சற்று நகரும். பூமியுடையவை அசையாது. நான் கம்பியை மாற்றிப் போட்டதும் இதுவே, அற்பமான அளவில்.

படபடப்பு இடம் மாறியது. ஆகவே ஸ்பீக்கரினுடையதல்ல. மறுபடி மறுபடி கேட்டதில், ஒவ்வொரு முறையும் அதே விநாடியில் அது விழுவது தெரிந்தது. அது ஒலிநாடாவிலேயே இருந்தது.

ஒலிநாடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1961 அக்டோபரில், இதே ஊரில், அப்பா கிரண்டிக் ஸ்பூல் ரிகார்டரை ரேடியோவோடு இணைத்துத் திருச்சி நிலையக் கச்சேரி ஒன்றைப் பதிவு செய்தார். அட்டைப் பெட்டியில் அவர் கையெழுத்தில் ‘பழநி, தனி’ என்று மட்டும் இருக்கும். பாடியவர் அவருக்கு இரண்டாம் பட்சம். மிருதங்கம் பழநி சுப்பிரமணிய பிள்ளை. 1908ல் பிறந்தவர், 1962ல் மறைந்தவர், இடது கைக்காரர். மத்திய அலை, மழைக்காலம், மலை. எங்கோ மின்னல் வெட்டும்போதெல்லாம் ரேடியோ படபடத்தது, அதுவும் பதிவாயிற்று. சென்ற வருஷம் என் தங்கை மகன் நாடாவைக் கணிப்பொறிக்கு மாற்றினான். ஓடும்போதே இரண்டு இடத்தில் அறுந்தது. மொறமொறவென்று ஆகிவிட்டது, இனி ஓடாது. ஆக அன்று மாற்றியதுதான் இனி அந்தக் கச்சேரி.

பிறகு அவன் அதைச் சுத்தம் செய்து அனுப்பினான். எல்லோருக்கும் அதையே கொடுக்கப்போவதாகவும், முந்தையதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் கேட்டான்.

“கேட்டீங்களா மாமா? ஒரு பொட்டு இல்லாமத் தொடச்சுட்டேன்.”

“தொடச்சது சரி. சாப்பு எங்கேடா?”

“அதெல்லாம் கிராக்கிள் மாமா.”

அவன் பொய் சொல்லவில்லை. அந்த மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் விளங்கும். ஒலியலையில் முன்னும் பின்னும் உள்ளதைக் கொண்டு ஊகிக்க முடியாத திடீர்த் தாவல் சில மில்லி விநாடிகளுக்கு எங்கே வந்தாலும், அதைப் பழுது என்று முடிவுகட்டி, அந்த இடத்தை அக்கம்பக்கத்தைப் பார்த்து இட்டு நிரப்புகிறது. மின்னல் அப்படிப்பட்ட தாவல். வலந்தலையின்மேல் விழுகிற சாப்பின் முதல் கணமும் அப்படிப்பட்டதே. அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாமல் வாசிப்பதுதானே தனி. அந்தக் கணத்தை வழித்தெடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நாதத்தின் வால் மட்டும். விரல் இல்லை. பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பவருக்கு இது தெரியாமல் போகலாம். அண்ணனின் சவ்வில் நன்றாகத் தெரிந்தது. ஸ்பீக்கரின் சொந்தச் சொடுக்குகள் ஒழிந்திராவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

(தொப்பியின் குமுக்கியைப் பற்றியும் நான் நியாயமாகப் பேச வேண்டும். அதைச் சொல்ல இந்த ஸ்பீக்கருக்குத் திராணி போதாது. சவ்வின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் கீழ் ஸ்தாயியில் ஒன்றையொன்று தின்றுவிடும். பழநியின் பாதியை நான் வேறு ஸ்பீக்கரில்தான் கேட்கிறேன்.)

இலக்கிய நண்பர் ஒருவர் எதிர்ப்பக்கம் போனார். எதையும் தொடாதே, அந்த மின்னலும் 1961தான், இரைச்சலும் ஞாபகம்தான் என்றார். கேட்க அழகாக இருக்கிறது. எனக்கு இதில் சம்மதமில்லை. மின்னல் பழநியோடு வாசிக்க வரவில்லை. அன்று அப்பா ஒவ்வொரு படபடப்புக்கும் பல்லைக் கடித்திருப்பாரே தவிர, அறுபது வருஷம் கழித்து இதில் ஒரு கவித்துவம் இருக்கும் என்று சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். எல்லாவற்றையும் அழிப்பவனும் எதையும் அழிக்காதவரும் ஒரே வேலையிலிருந்துதான் தப்பிக்கிறார்கள்: ஒவ்வொன்றாக உட்கார்ந்து கேட்டு, இது யாருடையது என்று சொல்கிற வேலை. நம் பதிப்பாசிரியர்களிலும் இந்த இரண்டு ஜாதியையும் பார்த்திருக்கிறேன்.

நானும் மருமகனும் அந்த வேலையைச் செய்தோம். மே மாத லீவில் அவன் இங்கே வந்து ஒன்பது நாள் இருந்தான். ஒரு நோட்டில் நிமிஷம், விநாடி போட்டுக் குறித்துக்கொண்டோம். தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் பெரும்பாலும் சந்தேகம் வருவதில்லை. மின்னலுக்குத் தாளம் தெரியாது. சாப்புக்குப் பின்னால் சுருதி சேர்ந்த ரீங்காரம் இருக்கும், மின்னலுக்குப் பின்னால் இராது. அறுபத்துமூன்று மின்னல்கள். அவற்றை மட்டும் கையால் எடுத்தான். மாற்றிய மூலப்பிரதி அப்படியே மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கிறது, அதை அழிக்கும் பேச்சை அவன் பிறகு எடுக்கவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் தகராறு. தனியில், மோரா தொடங்குவதற்குச் சற்று முன், சமத்தில் ஒரு சத்தம். கூர்மையாக இருக்கிறது, பின்னால் ரீங்காரம் லேசாக இருக்கிற மாதிரியும் இருக்கிறது. சாப்பின்மேலேயே மின்னலும் விழுந்திருக்கிறது என்று நான் சொல்கிறேன், தொடக்கூடாது என்கிறேன். மின்னல்தான், ரீங்காரம் முந்தைய சொல்லினுடைய மிச்சம் என்று அவன் சொல்கிறான். நோட்டில் அந்த வரிக்கு எதிரே இரண்டு பேரும் கேள்விக்குறி போட்டிருக்கிறோம். அவனுடையது கொஞ்சம் பெரியது.