வெங்காயக் காட்டுக்கு வந்த கட்டிங் மாஸ்டர்

ஒன்றரை மாசமா ஒண்ணும் எழுதலை. வெங்காய வேலை ஒரு காரணம். இன்னொரு காரணத்தை எழுதலாமா வேண்டாமான்னே நாள் ஓடிப்போச்சு.

ஆகஸ்ட் 27, விநாயகர் சதுர்த்தி அன்னைக்கு, நம்ம ஊர்ச் சரக்குக்கு அமெரிக்காவுல வரி 50 சதவீதம் ஆச்சுன்னு டிவியில சொன்னாங்க. மாசத் தொடக்கத்துல 25 போட்டு, அதுக்கு மேல இன்னொரு 25. நான் கொழுக்கட்டை தின்னுட்டே கேட்டுட்டு, வெங்காயத்துக்குத் தண்ணி கட்டப் போயிட்டேன். அந்த வரி பத்து நாள்ல என் கட்டுத்தரை வரைக்கும் வந்து நிக்கும்னு தெரியலைங்க.

என் பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். பிளஸ் டூ முடிச்சுட்டுப் போனவன், கைமடிக்கிற வேலையில ஆரம்பிச்சு மாஸ்டர் ஆனான். பதினோரு வருஷம். செப்டம்பர் 6, சனிக்கிழமை ராத்திரி பைக்குல வந்து எறங்கினான். மருமகளையும் பேத்தியையும் கூட்டிட்டு வரலை. "ரெண்டு நாள் லீவுங்ப்பா"ன்னான். திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு கம்பெனி வேன் எங்க ஊர் மேட்டுல ஆரன் அடிச்சுட்டுப் போறப்ப, இவன் திண்ணையில உக்காந்து அதையே பார்த்துட்டு இருந்தான். வீட்டுக்காரிதான் முதல்ல கேட்டாள். "வேலைக்குப் போலியா கண்ணு?"

"ஆர்டர் வந்தா கூப்பிடறோம்னுட்டாங்கம்மா."

இந்தத் தொழில்ல பெரும்பாலும் வேலையை விட்டு நிறுத்திட்டோம்னு காயிதம் குடுக்க மாட்டாங்க. சனிக்கிழமை சம்பளத்தைக் குடுத்துட்டு, கூப்பிடறோம்பாங்க. அப்புறம் போன் வராது. அவன் வேலை செஞ்ச கம்பெனி பேரு இங்கே வேண்டாம், அவங்க மட்டும் என்ன பண்ணுவாங்க, கப்பல்ல ஏத்த வேண்டிய சரக்கே பெட்டியில கட்டிக் கிடக்குதுன்னான். ஐரோப்பாவுக்கு அனுப்பற கம்பெனிகள்ல வேலை ஓடிட்டுத்தான் இருந்துச்சு. இவங்களுக்கு முக்காவாசி அமெரிக்கா ஆர்டர்.

கட்டிங்குல இருக்கறவனுக்குத்தான் கெட்ட சேதி முதல்ல தெரியுமாம். துணி வந்தாத்தானே வெட்ட முடியும்? துணி நின்னுபோனா அன்னைக்கே மேசை காலி. ஏற்கெனவே வெட்டுன துணி தையலுக்குப் போயி, செக்கிங், அயர்ன், பேக்கிங்னு இன்னும் ரெண்டு மூணு வாரம் ஓடும். "டைலருங்க ஒன்றரை ஷிப்ட் பார்த்துட்டு இருந்தாங்கப்பா, நாங்க கீழே உக்காந்து கத்தரியைச் சாணை பிடிச்சுட்டு இருந்தோம்"னான். கிணத்துல தண்ணி எறங்கறது மோட்டார் போடறவனுக்கு முதல்ல தெரியற மாதிரின்னு நினைச்சுக்கிட்டேன்.

அடுத்த ரெண்டு வாரம் தினமும் வேலை தேடிப் போனான். அவிநாசி ரோடு, மங்கலம் ரோடு, பல்லடம் ரோடு. கேட்டுல எல்லாம் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்கத்தான் செஞ்சுது, ஆனா பாதிக்கு மேல பழைய போர்டு, கழட்டாம விட்டது. ஒரு பெரிய கம்பெனியில துணியை மிஷினே விரிச்சு மிஷினே வெட்டுதாம், ஆள் வேண்டாம்னுட்டாங்க. இன்னொரு இடத்துல ஹெல்பரா வர்றியான்னு கேட்டாங்களாம். அன்னைக்கு ராத்திரி சோத்துல கை வெச்சுட்டு எந்திரிச்சுட்டான். வாடகை, பைக் தவணை, பேத்திக்கு ரெண்டாவது டேர்ம் பீஸ், எல்லாம் அப்படியே நிக்குது. மருமகள் செக்கிங் வேலைக்குப் போற சம்பளத்துல அங்கே ஓடுது. "அவ சம்பளத்துல உக்காந்து திங்க முடியலைங்ப்பா, அதான் இங்கே வந்துட்டேன்"னான். இங்கே வந்து அப்பன் சோத்தைத் தின்னா ரோசம் இல்லையாட்ட இருக்குதுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கலை.

பிஎஃப் கதையைச் சொல்லியே ஆகோணும், உங்க வீட்டுப் பசங்களுக்கு உதவும். பதினோரு வருஷத்துல நாலு வருஷத்துக்குத்தான் பிஎஃப் பிடிச்சிருக்காங்க. அப்ப இருந்த விதிப்படி ஒரு மாசம் வேலை இல்லாம இருந்தா முக்கால் பங்கு எடுக்கலாம்னு கம்ப்யூட்டர் சென்டர்ல சொன்னாங்க. பார்த்தா ஆதார்ல இனிஷியல் பேருக்குப் பின்னாடி, பிஎஃப்ல முன்னாடி, அதுல ஒரு எழுத்தும் மாறிக் கெடக்குது. அது போக, வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதியோணும், இல்லாட்டி கடைசியா பணம் கட்டி ரெண்டு மாசம் கழிச்சு நம்மளே பதியலாமாம். ரெண்டு மாசம் கழிச்சு வர்ற பணம் இந்த மாச வாடகைக்கு ஆகுமா? வேலையில இருக்கறப்பவே பேரு சரியா இருக்குதான்னு பார்த்து வெச்சுக்கச் சொல்லுங்க.

செப்டம்பர் கடைசியில என் வெங்காயம் பிடுங்க வந்துருச்சு. ஆடியில நட்டது, ஒண்ணேகால் ஏக்கரா. எப்பவும் ஆளுக்கு நான் படற பாடு ஊருக்கே தெரியும், பொம்பளைங்க எல்லாம் வேன் ஏறிப் போயிருவாங்க. இந்த வருஷம் அதிசயமா ரெண்டு பேரு அவங்களே வந்து, வேலை இருக்குதுங்களான்னு கேட்டாங்க. வாரத்துல மூணு நாளுதான் ஷிப்ட்டாம். எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, அப்புறம் அந்தச் சந்தோசம் எதனாலன்னு யோசிச்சு ஒரு மாதிரி ஆயிருச்சு.

பையனும் வேலை தேடறதை நிறுத்திட்டுக் காட்டுக்கு வந்தான். முதல் நாளே கையெல்லாம் கொப்பளம். ஆனா பட்டறை போடறப்ப அசந்துபோனேனுங்க. அடியில கல்லு வெச்சு, மூங்கில் பரப்பி, காஞ்ச வெங்காயத்தை அடுக்கடுக்கா அவன் பரப்பினதைப் பார்க்கோணும். காத்து போற வழி அடையாம, ஒரு பக்கம் மேடு ஒரு பக்கம் பள்ளம் இல்லாம, நூல் பிடிச்ச மாதிரி. "துணியை லே போடறதும் இதேதானுங்ப்பா. இழுத்து விரிச்சா வெட்டுன பொறவு சுருங்கிரும், அதும்போக்குல விடோணும்"னான். பதினோரு வருஷத்துல அவன் வேலையைப் பத்தி எங்கிட்ட முழுசாப் பேசுனது அன்னைக்குத்தான்.

இனித்தான் நான் எழுதத் தயங்குன விசயம்.

25ஆம் தேதி வியாழக்கிழமை சாயங்காலம் என் சகலை போன் பண்ணினார். பல்லடம் பக்கம் ஒரு கம்பெனி, உள்நாட்டுச் சரக்கு, தீவாளி ஆர்டர் கெடக்குது, கட்டிங் மாஸ்டர் உடனே வேணும், நாளைக்கே பையனை வரச் சொல்லுங்கன்னார். அப்ப பிடுங்குன வெங்காயம் முக்கால் ஏக்கராவுக்குக் காட்டுல காயுது. மேக்கே கருக்கல் கட்டி மின்னுது. பிடுங்கிப் போட்ட வெங்காயத்து மேல மழை விழுந்தா என்ன ஆகும்னு விவசாயிங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நனைஞ்சது ஒரு கூடை உள்ளே போனாலும் பட்டறையே அழுகிரும். பையன் ஒருத்தன் மூணு ஆள் வேலை செஞ்சுட்டு இருந்தான்.

சரிங்க சொல்றேன்னுட்டுப் போனை வெச்சேன். அன்னைக்குச் சொல்லலை. வெள்ளிக்கிழமையும் சொல்லலை. சனிக்கிழமை கடைசி அடுக்கு ஏத்தி, மேலே தென்னங்கீத்துப் போட்டுக் கட்டினோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிச்ச பொறவு சொன்னேன். "எப்பங்ப்பா சொன்னாங்க?"ன்னான். நேத்துன்னேன். அம்பத்தேழு வயசுல பெத்த பையங்கிட்டப் பொய் சொன்னேன். அவன் போன் பண்ணினான், வெள்ளிக்கிழமையே ஆள் போட்டாச்சுன்னுட்டாங்க. கேட்டது சகலைக்குப் போகாம இருக்குமா? அவருகிட்டப் பேசின பொறவு என்னை ஒரு தடவை பார்த்தான். ஒண்ணும் சொல்லாம மாட்டைப் பிடிச்சுக் கட்டப் போயிட்டான். ரெண்டு நாள் எங்கிட்டப் பேச்சில்லை. திட்டுனதெல்லாம் அவங்கம்மாதான், அதை இங்கே எழுத முடியாது.

மழை வந்துச்சான்னு கேப்பீங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி நாலு தூத்தல். அவ்வளவுதான்.

எனக்கு ராத்திரியெல்லாம் எங்கப்பன் ஞாபகம். எஸ்எஸ்எல்சி முடிச்சுட்டு நானும் ரெண்டு வருஷம் நூல் மில்லுக்குப் போனவன். காட்டைப் பார்க்க ஆளில்லைன்னு எங்கப்பன் மில் கேட்டுக்கே வந்து கூட்டிட்டு வந்துட்டார். அதை வெச்சு அவர் மேல எனக்கு ரொம்ப வருசம் கோவம் இருந்துச்சு. அவராவது நேருல வந்து கூப்பிட்டார்.

மூணே முக்கால் ஏக்கராவும் ரெண்டு கறவையும் ரெண்டு குடும்பத்துக்குச் சோறு போடாதுன்னு எனக்குத் தெரியும். அப்படித் தெரிஞ்சும்தான் செஞ்சேன்.

வேலை கடைசியில எங்கிருந்து கெடச்சுதுன்னா, வெங்காயம் பிடுங்க வந்த அந்தப் பொம்பளைங்க மூலமா. அவங்க போற வேன் டிரைவருக்கு ஒரு ஜாப் ஒர்க் யூனிட் தெரியும். ஆறு மேசை, ஜட்டி பனியன் வெட்டிக் குடுக்கற சின்ன இடம். ஷிப்ட்டுக்குப் பழைய சம்பளத்தை விட 150 ரூபா கம்மி. பையன் யோசிக்கவே இல்லை, சரின்னுட்டான். ஆயுத பூசை முடிஞ்சு, அக்டோபர் 6 திங்கக்கிழமை வரச் சொன்னாங்க.

ஞாயித்துக்கிழமை கெளம்பறப்ப பைக்குல ஒரு சிப்பம் வெங்காயம் கட்டினேன். கயிறை இழுத்துட்டே, "வியாழக்கிழமையே சொன்னாங்க சாமி, நாந்தான்..."ன்னேன். "தெரியுமுங்க"ன்னான். கயித்தை அவிழ்த்து அவனே திரும்பக் கட்டினான், நான் கட்டுனது சாய்ஞ்சிருக்குதாம்.

இப்ப வாரத்துல ரெண்டு நாள் போன் பண்றான். தீவாளி வரைக்கும் வேலை இருக்குது, அப்புறம் பார்க்கோணும்ங்கறான். வெங்காயம் இன்னும் விக்கலை. வியாபாரி வந்து பார்த்துட்டு, ஆள் கூலிக்குக்கூடப் பத்தாத விலை சொல்லிட்டுப் போனார். நேத்து போன்ல அதைச் சொன்னேன். "அவசரப்பட்டு ஆளை வெச்சுப் பிரிச்சுப் போடாதீங்க, ஒரு ஞாயித்துக்கிழமை நானே வந்து பிரிக்கறேன்"னான். கீத்தை ஓரமாத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே காஞ்சுதான் இருக்குது.