நேர்ந்த கிடாய்

விளாத்திகுளம் கரிசலில் மேயும் கன்னி ஆடுகளை நீங்கள் பார்த்திருக்கலாம். கறுப்பு உடம்பு, முகத்தின் இரு பக்கமும் வெள்ளைக் கோடு. அடுத்த வீட்டுப் பெரியம்மா அப்படியொரு கிடாயை அம்மனுக்கு நேர்ந்துவிட்டு, மக்காச்சோளமும் கம்புமாக ஊட்டி வளர்த்தாள்.

ஒருநாள் அது முதுகை வளைத்து முக்கியது. "மலச்சிக்கல்தான், விளக்கெண்ணெய் கொடுங்கள்" என்று யோசனை சொன்ன மேதாவி நான்தான். ஒரு நாள் பாழ்.

திருநெல்வேலி, ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விஷயம் விளங்கிற்று. நீரடைப்பு! தானியத்திலுள்ள பாஸ்பரஸ் மிகுந்து சிறுநீரில் கல்லாகி விடுகிறதாம். குட்டியிலேயே காயடித்த கிடாய்க்கு ஆபத்து இன்னும் அதிகம், நீர்த்தாரை விரிவதில்லை.

குறியின் நுனியில் புழுப்போல் நீண்டிருக்கும் துணுக்கில்தான் கல் அடிக்கடி சிக்குமாம். அதைக் கத்தரித்தும் சொட்டு வரவில்லை. பிறகு வயிற்றைத் திறந்து, நீர்ப்பையிலிருந்த மணலை அலசி, குழாயொன்றை உள்ளே வைத்து, விலாப்புறமாக வெளியே விட்டுத் தைத்தார்கள். மிச்சக் கல் கரைய அமோனியம் குளோரைடு.

11-ஆம் நாள் குழாயை அடைத்துவிட்டுக் காத்திருந்தோம். கிடாய் காலை அகட்டி நின்றது. வந்தது தாரை!

பெரியம்மா கும்பிட்டாள். அப்புறம் மெதுவாக, "தழும்பு விழுந்த கிடாயை அம்மன் ஏத்துக்க மாட்டாள்லா, தம்பி?" என்றாள்.

"மாட்டாள், பெரியம்மா" என்றேன், இந்தத் தடவையும் யோசிக்காமல்தான்.