வெள்ளைச் சால்வையும் செம்மஞ்சட் சேலையும்

நமது கல்லூரிச் சாரணர் படையில் யான் சேர்ந்த காலத்தில், கொடிச் சைகை பயில்வது மாலைநேர விளையாட்டாகவே எமக்குப் பட்டது. இரு கைகளிலும் கொடியேந்தி எழுத்தெழுத்தாகச் செய்தி அனுப்புவோம்; அவற்றிற் பாதி, ஆசிரியர்களுக்கு நாமிட்ட பட்டப் பெயர்களாகவே இருக்கும். அக்கலை உயிர்காக்க உதவுமென எம்முள் எவரும் எண்ணியதில்லை.

1969ஆம் ஆண்டு தை மாதத்தில், நெடுந்தீவிலிருந்து புங்குடுதீவு நோக்கிப் புறப்பட்ட வள்ளமொன்றில் ஒன்பது பேர் இருந்தோம். அவர்களுள் ஒரு தாயும், காய்ச்சலால் அனுங்கிக்கொண்டிருந்த அவரது குழந்தையும் அடக்கம். நடுவழியில் இயந்திரம் நின்றுவிட்டது. வாடைக்காற்று எம்மைத் தென்மேற்கே, கரையற்ற கடலை நோக்கித் தள்ளியது. தொலைவில் மீன்பிடி வள்ளமொன்று தென்படவே, தோளிற் கிடந்த வெள்ளைச் சால்வையை எடுத்து விரைந்து வீசினேன். அவர்களும் மகிழ்வோடு கைகளை வீசிவிட்டுத் தம் வழியே போயினர்!

பிழை அவர்களுடையதன்று. அலை நுரைக்கும் வெண்முகிலுக்கும் நடுவே வெள்ளைத் துணி மறைந்துவிடும். வேகமாக வீசுங் கையோ வாழ்த்தாகவே தோன்றும். கைகள் இரண்டையும் பக்கங்களில் நீட்டி, மெல்ல உயர்த்தித் தாழ்த்தி, மீண்டும் மீண்டும் அவ்வாறு செய்வதே ஆபத்துக் குறி. கற்றிருந்தும் பதற்றத்தில் மறந்தேன்.

பின்னரே, சதுரக் கொடியும் அதன் மேலோ கீழோ ஓர் உருண்டையும் என்ற பழைய பாடம் நினைவுக்கு வந்தது. அத்தாயார் தமது மூட்டையிலிருந்து செம்மஞ்சட் சேலையொன்றை எடுத்துத் தந்தார். நீலக் கடலில் அதனினும் எடுப்பான நிறம் வேறில்லை; சிவப்போ அந்தி மங்கலிற் கறுத்துவிடும். சேலையைச் சதுரமாக மடித்து, காற்று ஓய்ந்தாலும் துவளாதிருக்க மேல்விளிம்பில் ஒரு தடியைக் கோத்து, கீழே வெறுங்குடத்தைக் கட்டி உயர்த்தினோம். இரண்டு நாழிகைக்குப்பின் வேறொரு வள்ளம் எம்மை நோக்கித் திரும்பிற்று.

கப்பல்களுக்கெனச் சர்வதேசக் கொடிகள் உள. நீலமும் வெள்ளையும் கட்டங்கட்டமாயமைந்த ‘என்’ கொடியின்கீழ், நீலம், வெள்ளை, சிவப்பு, வெள்ளை, நீலம் எனக் கோடிட்ட ‘சி’ கொடியை ஏற்றினால் பேராபத்து என்பது பொருள். வெள்ளையிற் சிவப்புப் பெருக்கற்குறி கொண்ட ‘வி’ கொடி உதவி மட்டுமே கோரும்; இரண்டையும் மயக்கலாகாது. விமானத்திலிருந்து காண்போருக்காகக் கருஞ்சதுரமும் கருவட்டமும் வரைந்த செம்மஞ்சட் துணியும் உண்டு. சிறு வள்ளக்காரருக்கு யான் சிபாரிசு செய்வது இதனையே. மடித்தால் ஒரு மூலையில் அடங்கிவிடும். வெயிலில் நிறம் வெளுத்தால் மாற்றிவிட வேண்டும்.

காற்றிற் கிழிந்த சேலைக்கு விலை கொடுக்க முற்பட்டேன், அவ்வம்மையார் வாங்கவில்லை. எனது வெள்ளைச் சால்வை, கரைசேரும்வரை, நனைக்கப்பெற்று அக்குழந்தையின் நெற்றியிற் கிடந்தது.