நிற்கும் கால்களின் கணக்கு

தோட்டத்தில் பிறந்தவனுக்கு எண்ணப்படுவது புதிதன்று. விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணுவர். பின்னர் கொழுந்தை நிறுப்பர். வேலைக்கு எத்தனை கை என்பதே அக்கணக்கு.

கோப்பன்ஹேகன் நகரின் பெரிய கடைவீதி ஒன்றில் 1962இல் வாகனங்கள் நிறுத்தப்பட்டன. பின்னர் அங்கே யான் கெல் என்னும் கட்டடக் கலைஞர் வேறொரு கணக்கெடுத்தார். நடப்போர் எத்தனை பேர்? நின்று பேசுவோர், அமர்ந்திருப்போர் எத்தனை பேர்? தேவைக்கு நடப்போர் எங்கும் உண்டு. விரும்பித் தங்குவோரே வீதியின் உயிர் என்று கண்டார்.

சென்ற ஞாயிறு கந்தப்பளைக் கடைவீதியில் தாளும் பென்சிலுமாக நானும் நின்றேன். போவோரை எண்ணி மாளவில்லை. தங்கியோர் கடைத் தாழ்வாரங்களில் ஒதுங்கிப் பேசினர். அமர்ந்த பெண் ஒருத்தியையும் காணேன். அமர அங்கே ஒரு வாங்கும் இல்லை. சாமான் பையைச் சுமந்தபடி என் தாயும் நின்றாள். வாரமெல்லாம் மலைச்சரிவில் நின்ற கால்கள் ஓய்வு நாளிலும் நின்றன.

கைகளை எண்ணத் தெரிந்தவர்கள் இக்கால்களையும் எண்ணட்டும்.