பார்க்கிங்கில் ஒரு விருந்து

பார்க்கிங் என்ற பெயரைக் கேட்டதும் கார் நிறுத்தும் இடம் என்று நினைத்தவன்தான் நானும். வந்து பார்த்தால் ஊர். அதுவும் எங்கள் கரையோர ஊர்களைப் போல மீனால் வாழ்ந்த ஊர். றோடிங் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய துறையிலிருந்து, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பெரியதொரு மீன்பிடிக் கப்பற்கூட்டம் வடகடலுக்குப் போய்வந்தது. குளிர்காலத்தில் அயலிலுள்ள சதுப்பு நிலங்களில் உறைந்த ஐஸை வெட்டிச் சேமித்து, மீன் பழுதாகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த ஊரில், ஈஸ்ற் ஸ்றீற் சந்தைக்குக் கிட்ட, நண்பர் ஒருவர் வீடு வாங்கிக் குடிபுகுந்தார். எங்கள் பார்ட்டிகள் எப்படி நடக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. ஆண்கள் பின்வளவில் விஸ்கிப் போத்தலைச் சுற்றி நிற்பார்கள். பெண்கள் குசினியில். பிள்ளைகள் ரி.வி.க்கு முன்னால். சாப்பாடு இரவு பதினொரு மணிக்கு. அதற்குள் வெறும் வயிற்றில் குடித்தவர்களுக்குத் தலைக்கு ஏறிவிடும்.

இப்படியொரு பார்ட்டி முடிந்து காரை எடுத்த எங்கள் ஆள் ஒருவர் சில வருடங்களுக்கு முன் பொலிசில் பிடிபட்டார். இங்கிலாந்தில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுவே எல்லை. தாண்டிக் குற்றவாளியாகக் கண்டால் குறைந்தது 12 மாதம் வாகனம் ஓட்டத் தடை. வான் ஓட்டிப் பிழைத்த குடும்பம் அது. அந்த வருடத்தை அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் நண்பரின் மனைவி. அதனால் ஒரேயொரு நிபந்தனை போட்டார்: "போத்தல் மேசைக்கு வரவேணும், சாப்பாட்டோட வரவேணும்."

ஆறு மணிக்கே மட்டன் றோல்சும் மீன் கட்லட்டும் வந்தன. கூடவே குளிர்ந்த பியர். பொரித்த எண்ணெய்ப் பிசுக்கை பியரின் நுரை வாயிலிருந்து கழுவிவிடுகிறது. வெளிறிய 'பேல் ஏல்' பியருக்கும் எங்கள் பக்கத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. பார்க்கிங்கில் டிஸ்ரிக்ட் லைன் ரயில் ஏறினால் வழியில் வருகிறதே போ, அங்கே இருந்த ஹொட்சன் என்பவரின் ஆலையிலிருந்துதான் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த பியர் இந்தியாவுக்குக் கப்பலேறியது. ஆனால் கசப்புக் கூடிய வகைகளை வாங்காதீர்கள், மிளகாய் உறைப்பை அவை இன்னும் ஏற்றிவிடும்.

நான் பெருமையாகக் கொண்டுபோன சிவப்பு வைன் நண்டுக் கறியிடம் தோற்றது. சிவப்பு வைனின் துவர்ப்பும் உறைப்பும் சேர்ந்தால் வாய் எரியும், வைனும் கசக்கும். விலையைச் சொல்ல வெட்கம். மெல்லிய இனிப்புள்ள ஜேர்மன் றீஸ்லிங் வெள்ளை வைன் அதே கறியோடு அழகாகப் பொருந்தியது. ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு இலங்கையின் லயன் ஸ்ரவுட், ஒரு போத்தலை இரண்டு பேர் பகிர்ந்தோம். அது எட்டு வீதத்துக்கு மேல் மது கொண்டது, கவனம்.

குடிக்காதவர்களுக்கு மோரும் மாம்பழ லஸ்ஸியும் அதே கண்ணாடிக் கிளாசுகளில் வந்தன. உறைப்பைத் தணிப்பதில் பால் வகைக்கு நிகரில்லை, தண்ணீர் உதவாது. "ஏன் எடுக்கேல்லை?" என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் கார் ஓட்டுவது என்பது முதல் போத்தல் திறக்குமுன்பே முடிவாகி, மற்றவர்களின் சாவிகள் பிரிட்ஜின் மேல் ஒரு சருவச் சட்டிக்குள் போய்விட்டன.

பெண்களில் இருவர் றீஸ்லிங்கை ருசி பார்த்தார்கள். மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். ஆனால் எல்லாரும் ஒரே மேசையில் இருந்து கதைத்தோம். இத்தனை வருடப் பழக்கத்தில் நண்பரின் மனைவி பகிடி விடுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

நண்பரின் தாயார் ஒரு கிளாசை எடுத்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "என்ன மாமி, பிடிக்கேல்லையோ?" என்றேன்.

"உங்கட மாமா தவறணையால வரேக்க இந்த மணம்தான் தம்பி. அந்தாள் ஒருநாளும் வீட்டில இருந்து குடிச்சதில்லை," என்றவர், நண்டுச் சட்டியை என் பக்கம் தள்ளினார்.