கடுகு சிறுத்தால் காரம் கூடுமா?

போன மாசம் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அவன் எம்.டெக் ப்ராஜெக்ட் செய்கிற லேப். கையில் சின்னக் கண்ணாடி பாட்டில், உள்ளே கன்னங்கரேலென்று ஒரு பொடி. முகத்தில் அம்மா தைத்துக் கொடுத்த துணி மாஸ்க். கீழே, "கார்பன் நானோட்யூப்ணா! இது கைக்கு வர்றதுக்கே ரெண்டு மாசம் ஆச்சு" என்று பெருமை வேறு.

என் கண் போனது மேஜைக்கு. தராசைச் சுற்றிக் கண்மை சிந்தின மாதிரி கறுப்புத் தூசி. உடனே போன் போட்டேன்.

"டேய், இதைத் திறந்து வெச்சா எடை போடறீங்க?"

"ஆமாண்ணா. லேசா இருக்கும், பறக்கும். அதான் ஃபேனை அணைச்சிட்டுப் போடுவோம். இல்லேன்னா தராசு ஆடும்."

தராசு ஆடக்கூடாதாம். மூக்கைப் பற்றிப் பேச்சே இல்லை!

"உள்ளே போனா என்னடா ஆகும்?"

"வெறும் கார்பன்தாண்ணா. பென்சில்ல இருக்கறதுதான். பாட்டிலோட வந்த பேப்பர்லயே போட்டிருக்கு."

அந்தப் பேப்பரையும் அனுப்பினான். வேலை செய்யும் இடத்தில் எவ்வளவு தூசி இருக்கலாம் என்ற கட்டத்தில், நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய தூசிக்கு, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மில்லிகிராம் என்று இருந்தது. அமெரிக்காவின் ஓஷா அமைப்பு செயற்கை கிராஃபைட்டுக்கு வைத்திருக்கும் வரம்பு அது. நானோட்யூபும் கார்பன், கிராஃபைட்டும் கார்பன். விற்றவர் காப்பி பேஸ்ட் செய்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கிளைக்கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மளிகை கிடங்குக்கு மென்பொருள் எழுதினேன். சரக்கின் பெயரை மட்டும் வைத்து விலையைத் தேடும்படி எழுதித் தொலைத்தேன். 50 கிராம் சீரகப் பாக்கெட்டும் 50 கிலோ மூட்டையும் கணினிக்கு ஒன்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு கடைக்காரர் ஒரு மூட்டைச் சீரகத்தைப் பாக்கெட் விலைக்கு வாங்கிப் போய்விட்டார். திங்கள்கிழமை எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது :)

நானோ பொருட்கள் விஷயத்தில் உலகத்துச் சட்டங்கள் ரொம்ப நாள் செய்தது இதே தப்பைத்தான். பெயரைப் பார்த்தன, அளவைப் பார்க்கவில்லை. நானோமீட்டர் என்றால் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு ஒரு பொருளைச் சிறிதாக்கினால் அதன் மேற்பரப்பு பல மடங்கு ஆகிறது, உடம்பில் போய்ச் சேரும் இடமும் மாறுகிறது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். இங்கே சிறுக்கச் சிறுக்க ஏறவே செய்யலாம்.

சும்மா பயமுறுத்தவில்லை. அமெரிக்காவின் நையாஷ் ஆய்வு நிறுவனம் 2013ல் கார்பன் நானோட்யூபுக்குத் தனியாக ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது. ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம். தம்பியின் பேப்பரில் இருந்ததோ 5 மில்லிகிராம். 5000 மடங்கு வித்தியாசம் மக்களே!

ஏன் இவ்வளவு கறார்? 2008ல் எடின்பரோ விஞ்ஞானிகள் எலிகளின் வயிற்றறைக்குள் நானோட்யூபைச் செலுத்திப் பார்த்தார்கள். நீளமான குழாய்கள் ஆஸ்பெஸ்டாஸ் நார் செய்வதைப் போலவே அழற்சியை உண்டாக்கின. குட்டையானவை அப்படிச் செய்யவில்லை. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். 2014ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் எம்.டபிள்யூ.சி.என்.டி-7 என்ற ஒரே ஒரு வகையை மட்டும் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. மற்ற வகைகளுக்குச் சாட்சி போதவில்லை என்று விட்டுவிட்டது. சாட்சி போதவில்லை என்பதற்கும் குற்றமில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு, இல்லையா?

ஆஸ்பெஸ்டாஸ் கதை தெரியும்தானே. பிரிட்டனில் தொழிற்சாலை ஆய்வாளர் லூசி டீன் அந்தத் தூசி ஆபத்து என்று அறிக்கை எழுதியது 1898ல். அங்கே முழுத் தடை வந்தது 1999ல். நூற்றியோரு வருஷம். நோய் வெளியே தெரியவே இருபது, முப்பது வருஷம் ஆகும் என்பதால் யாருக்கும் அவசரம் இல்லை.

இந்த முறை கொஞ்சம் சீக்கிரம் முழித்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2011ல் நானோ பொருளுக்கு ஒரு வரையறை தந்தது: துகள்களில் பாதிக்கு மேல் 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். எடையில் பாதி இல்லை, எண்ணிக்கையில் பாதி. ஒரு மைக்ரான் துகள் ஒன்றின் எடைக்கு 100 நானோமீட்டர் துகள்கள் ஆயிரம் வேண்டும். எடை பார்த்தால் சின்னதுகள் கணக்கிலேயே வராமல் ஒளிந்துகொள்ளும். இதை யோசித்தவர் நல்ல டெஸ்டராக இருந்திருப்பார்!

அங்கேயும் ஓட்டை உண்டு. ஐரோப்பாவில் ரசாயனங்களைப் பதிவு செய்யும் கட்டாயம், வருஷத்துக்கு ஒரு டன்னிலிருந்துதான். நானோ பொருளோ கிராம் கணக்கில் நடமாடும் சரக்கு. பிரான்ஸ் 2013லிருந்து 100 கிராம் தாண்டினாலே அறிவிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நம் நாட்டில் 2007ல் நானோ மிஷன் தொடங்கினார்கள். நானோ மருந்துகளை மதிப்பிட 2019லும், விவசாய, உணவுப் பொருட்களை மதிப்பிட 2020லும் வழிகாட்டுதல்கள் வந்தன. நல்ல விஷயம். ஆனால் அவை கடைக்கு வரப்போகும் சரக்குக்கானவை. ஃபேனை அணைத்துவிட்டு எடை போடும் பையன், சரக்கு சரக்காவதற்கு முன்னாலேயே அதை மூச்சில் வாங்குகிறான்.

நானோட்யூபைத் தடை செய்யச் சொல்லவில்லை. எபாக்ஸியில் கலந்து இறுகிவிட்டால் அது பாட்டுக்கு உள்ளே கிடக்கும். ஆபத்து பொடியாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அதிகம்.

இதையெல்லாம் சொன்னபோது தம்பிக்குக் கோபம் வந்தது. "கைடுகிட்ட போய் எங்க அண்ணன் பயப்படறான்னு சொல்லவா?" என்றான். நாலு நாள் பேசவில்லை. அஞ்சாம் நாள் அவனே கூப்பிட்டான். கைடு திட்டவில்லையாம். அந்தத் தாளை ரெண்டு தடவை படித்துவிட்டு, கெமிஸ்ட்ரி துறையில் இருந்த மூடிய கையுறைப் பெட்டியைக் கேட்டு வாங்கித் தந்தாராம். இப்போது அதற்குள்தான் பாட்டிலைத் திறக்கிறார்கள். பொடியை ஆல்கஹாலில் நனைத்த பிறகே வெளியே எடுக்கிறார்கள். மேஜையை ஈரத்துணியால் துடைக்கிறார்கள்.

கடைசியில் மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, இதுக்கு முன்னாடி மூணு மாசம் எடை போட்டேனே?"

"ஒண்ணும் ஆகாதுடா" என்றேன். அப்படித்தான் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லும்போது என் கையிலும் அந்தப் பேப்பர் தயாரித்தவர் கையில் இருந்த அளவுக்குத்தான் ஆதாரம் இருந்தது.

பி.கு: லேபில் வேலை செய்யும் பதிவர்கள் யாராவது இருந்தால், உங்கள் பாட்டிலோடு வந்த தாளில் எந்தப் பொருளின் வரம்பு போட்டிருக்கிறது என்று பார்த்துப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அம்மாவுக்கு இந்தப் பதிவைக் காட்டிவிடாதீர்கள்.