அங்கேயும் ஒரு பால் மரம்

வட ஜப்பானில் ஜோபோஜி என்னும் மலையூரைச் சைக்கிளில் சுற்றி வந்தபோது, ஒரு மரத்தைக் கண்டு இறங்கிவிட்டேன். பட்டையெங்கும் வரிவரியாய் வெட்டுக் காயங்கள்! நம் ரப்பர் மரம்தான் நினைவுக்கு வந்தது.

அது உருஷி மரம். அதன் பாலைப் பூசித்தான் பளபளக்கும் மரக்கிண்ணங்கள் செய்கிறார்கள். பச்சைப் பால் மேலே பட்டால் தோல் தடித்து அரிக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்த்த மரத்தில் ஒரே பருவம்தான் வெட்டு. கிடைப்பது சுமார் 200 கிராம். பிறகு மரத்தையே சாய்த்துவிடுகிறார்கள். வேரிலிருந்து மீண்டும் துளிர்க்குமாம்.

அவ்வூர்ப் பட்டறையில் வாங்கிய கிண்ணத்தை வீடு வந்ததும் அம்மாவிடம் கொடுத்தேன். முப்பது வருடம் தோட்டத்தில் பால் வெட்டியவர், அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"நான் வெட்டுன பாலு என்னவாச்சுன்னு ஒருநாளும் பார்த்ததில்லப்பா" என்றார்.

மறுநாள் முதல் அதில்தான் அவருக்குக் கஞ்சி.